சிலுப்பி எய்யாத முள்

ஒரு காட்டில், சித்திரை பாதி கடந்தபோது, தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஓர் ஊற்றுத்தான் மிச்சமிருந்தது. அதுவும் சின்ன ஊற்று. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு தலை நுழையும் அளவுக்குத்தான் இடம். ஒருவர் குடித்து நகர்ந்தால்தான் அடுத்தவர் குனிய முடியும்.

அதனால் வெயில் சாய்ந்ததும் விலங்குகள் எல்லாம் வரிசையில் நிற்கும். மான்கள், கீரி, ஆமை, பஞ்சி என்ற முயலும் அவளுடைய இரண்டு குட்டிகளும். வரிசையின் வாலில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி. முண்டியடித்து முன்னால் போகச் சிலுப்பிக்குக் கூச்சம். அவள் முறை வரும்போது ஊற்றில் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகமாக இருக்கும்.

அவளுக்கும் பிறகு குடிப்பவன் ஒருவன் உண்டு. மைமுகன் என்ற குரங்கு. எல்லாரும் குடித்து முடிக்கும்வரை அவன் மருத மரத்தின் உச்சியில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பான். எங்காவது புல் தப்பாக அசைந்தால் "கக்! கக்!" என்று கத்துவான். அவ்வளவுதான், ஒரே நொடியில் ஊற்றடி காலியாகிவிடும்.

வரிசையில் நிற்பது அலுப்பான வேலை இல்லையா? அந்த அலுப்புக்கு மருந்தாக மினுக்கி என்ற மைனா தினமும் ஓர் அதிசயச் செய்தி சொல்வாள். யாரைப் பற்றிய அதிசயமோ, அன்று அவருக்கே முதல் தண்ணீர். அதுதான் அந்த ஊற்றடி வழக்கம்.

"உங்களுக்குத் தெரியுமா? ஆமையின் முதுகில் எத்தனை கட்டமோ, ஆமைக்கு அத்தனை வயது!" என்றாள் ஒருநாள். தன் முதுகை ஆமை எப்படிப் பார்க்கும்? ஆனாலும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு முதலில் போய்க் குடித்தது.

"கீரியைப் பாம்பு கடித்தால், அது ஒரு பச்சிலையைத் தேடித் தின்று பிழைத்துக்கொள்ளும்!" என்றாள் மறுநாள். கீரி வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து, "அந்தப் பச்சிலை எங்கே முளைக்கிறது என்று எனக்கும் யாராவது காட்டுங்களேன்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மினுக்கி சிறகை விரித்துக்கொண்டு கத்தினாள்: "இதைக் கேளுங்கள்! முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால், முதுகு முள்ளை அம்புபோல எய்யும்! இருபது அடி தள்ளி நிற்கும் சிறுத்தையின் கண்ணையும் குறி தவறாமல் குத்தும்!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிலுப்பி தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை.

"அப்படியா சிலுப்பியக்கா? சொல்லவே இல்லையே!" என்றாள் பஞ்சி.

இல்லை என்று சொல்லத்தான் சிலுப்பி வாயைத் திறந்தாள். அதற்குள் மான்கள் விலகி வழிவிட்டன. வழியின் முடிவில் ஊற்று தெரிந்தது. யாருடைய குளம்பும் படாத, கீழே கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிற தண்ணீர்.

"ம்" என்றாள் சிலுப்பி.

ஓர் எழுத்துத்தான். ஆனால் அன்றைக்குக் குடித்த தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே அவளுக்கு எங்கோ உறுத்தியது.

ஒருநாளோடு போகிற அதிசயமாக அது இல்லை. மறுநாளும் எல்லாரும் அதையே கேட்டார்கள். "அம்புக் கதையைச் சொல் மினுக்கி!" இருபது அடி நாற்பது அடியானது. ஒரு சிறுத்தை மூன்று சிறுத்தையானது. தினமும் முதல் தண்ணீர் சிலுப்பிக்குத்தான்.

பகலில் தூங்குவதுதான் முள்ளம்பன்றியின் பழக்கம். சிலுப்பிக்கோ தூக்கம் போயிற்று. வளைக்குள் இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். எழுந்து மண்ணைக் கிளறினாள். மறுபடி படுத்தாள். 'ஒருவேளை என்னால் முடியுமோ? நான்தான் முயன்று பார்க்கவில்லையோ?' என்று ஒருநாள் நண்பகலில் வெளியே வந்து, ஒரு கறையான் புற்றின் முன் நின்று, மூச்சை அடக்கி, முதுகைச் சிலிர்த்தாள். சலசலவென்று சத்தம் வந்தது. முள் ஒன்றும் போகவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. புற்றிலிருந்து ஒரு கறையான் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.

அன்று மாலை மான்கள் ஒரு செய்தி கொண்டுவந்தன. மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிறுத்தை இறங்கியிருக்கிறதாம். வறண்ட ஓடைக்கரை மணலில் காலடி பார்த்தனவாம்.

சிலுப்பி சட்டென்று புல்வெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வேறு யார் முகத்திலும் பயம் இல்லை.

"வரட்டுமே! சிலுப்பியக்கா இருக்கும்போது நமக்கென்ன?" என்றாள் பஞ்சி. தன் குட்டிகள் இரண்டையும் தள்ளிக்கொண்டு வந்து சிலுப்பியின் பின்னால் உட்காரவைத்தாள். "பெரியம்மாவை விட்டு அசையக் கூடாது, தெரிகிறதா?"

மருத மரம் சலசலத்தது. மைமுகன் கிளை கிளையாக இறங்கித் தரைக்கு வந்தான்.

"நீ எதற்கு இறங்குகிறாய்?" என்று பதறினாள் சிலுப்பி.

"நாற்பது அடிக்கு அம்பு விடுகிறவள் கீழே இருக்கும்போது, மேலே நான் ஏன் இடுப்பு நோக உட்கார்ந்திருக்க வேண்டும்? இத்தனை நாள் சேறு குடித்தது போதும், தாயே!" என்று சொல்லி, மைமுகன் வரிசையில் மூன்றாவதாகப் போய் நின்றுகொண்டான்.

சிலுப்பி அண்ணாந்து பார்த்தாள். மர உச்சி வெறிச்சென்று இருந்தது. காய்ந்த புல்வெளியில் காற்று ஓடியது. எந்த அசைவு காற்று, எந்த அசைவு காற்றில்லை? பார்த்துச் சொல்ல அங்கே யாருமே இல்லை.

"நான்..." என்றாள் சிலுப்பி. மறுபடி முயன்றாள். "நான் முள்ளை எய்ததே இல்லை."

எல்லாரும் கைதட்டாத குறையாக மகிழ்ந்தார்கள்.

"பார்த்தீர்களா அடக்கத்தை!" என்றது ஒரு மான்.

"அடக்கம் இல்லை! என்னால் முடியாது!"

"உன்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று மினுக்கி சிணுங்கினாள். "நான் கிளியிடம் கேட்டேன். கிளி மரங்கொத்தியிடம் கேட்டது. மரங்கொத்தி நாலு காடு சுற்றிய பறவை. நீ உன் வளையைத் தாண்டிப் போனதுண்டா?"

அன்றும் அவளைத்தான் முதலில் குடிக்கச் சொன்னார்கள். குனிந்தாள். குடிக்காமலே நிமிர்ந்து வந்துவிட்டாள்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. மூன்று நாளும் அவள் கண் மூடவில்லை. வளையில் இருந்தால் குட்டி முயல்களின் காது நினைவுக்கு வந்தது. வெளியே வந்தால் வெறும் மர உச்சி கண்ணில் பட்டது. நான்காம் நாள் மாலை, வரிசை கூடியதும், அவள் நேராக நடுவில் போய் நின்றாள். பஞ்சியின் குட்டிகள் இரண்டும் வழக்கம்போல அவள் பின்னாலேயே வந்து உட்கார்ந்தன.

"இன்று எய்து காட்டுகிறேன். எல்லாரும் பாருங்கள். மினுக்கி, நீ அந்தக் கல்லின்மேல் வந்து நில். பத்தடிதான்."

"நானா? என் மேலா?" மினுக்கி இரண்டு கிளை மேலே போய் உட்கார்ந்தாள். "எனக்குச் சிறகு வலி. வேறு எதையாவது வைத்துக்கொள்."

மைமுகன் ஒரு விளாம்பழத்தைக் கொண்டுவந்து கல்லின்மேல் வைத்தான். "இதை அடி சிலுப்பி. உடைந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் தின்னலாம்."

சிலுப்பி முள்ளைச் சிலிர்த்தாள். காலைத் தரையில் உதைத்தாள். உறுமினாள். வால் முட்கள் கிலுகிலுத்தன. விளாம்பழம் அப்படியே இருந்தது.

"கோபம் வந்தால்தான் எய்யும்!" என்று மேலிருந்து கத்தினாள் மினுக்கி. "கோபப்படுத்துங்கள்!"

உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "சப்பை மூக்கி!" "நடக்கிற துடைப்பம்!" "இவள் தும்மினால் வளை இடிந்துவிடுமாம்!" ஆமைகூட யோசித்து யோசித்து, "சோம்பேறி" என்றது.

சிலுப்பிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. காதுவரை சுட்டது. உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினாள். தளர்ந்திருந்த ஒரு முள் கழன்று, அவள் காலடியிலேயே பொத்தென்று விழுந்தது.

"இவ்வளவுதான்" என்றாள் சிலுப்பி. மூச்சு வாங்கியது. "தலைமுடி உதிர்வதுபோல உதிரும். தொட்டவர் தோலில் ஏறும். பறக்காது. ஒருநாளும் பறந்ததில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீருக்கு ஆசைப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன்."

மைமுகன் குனிந்து அந்த முள்ளைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மர உச்சியைப் பார்த்தான். அவன் கறுத்த முகம் வெளுத்தது போலிருந்தது.

"அப்படியென்றால்... இத்தனை நாளும் மேலே ஆளே இல்லையே!"

ஒரே தாவில் அடிமரம், இன்னொரு தாவில் நடுக்கிளை. உச்சிக்குப் போகும் முன்பே கத்திவிட்டான். "கக்! கக்! கோரைப்புல்! கோரைப்புல்லில்!"

மான்கள் சிதறின. கீரி பொந்துக்குள் பாய்ந்தது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. பஞ்சி நாலு பாய்ச்சல் ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, குட்டிகள்!"

அசையக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். குட்டிகள் இரண்டும் சிலுப்பியின் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு சிறுத்தை வெளியே வந்தது. அவசரமே படவில்லை.

"மூன்று நாள்!" என்றது அது. "உன் அம்புக்குப் பயந்து மூன்று நாள் பட்டினியாக அந்தப் புல்லில் கிடந்தேனே! நல்லவேளை, நீயாகவே சொல்லிவிட்டாய். உன் முதுகில் இருப்பது வெறும் குப்பை. தள்ளி நில், முள்ளம்மா. எனக்கு அந்தக் குட்டிகள் போதும்."

சிலுப்பியின் வளை பக்கத்தில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். அவள் திரும்பினாள்.

"ஓடு, ஓடு" என்று சிரித்தது சிறுத்தை. சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, குட்டிகளை அள்ள முன்னங்காலை நீட்டியது.

சிலுப்பி ஓடினாள். வளையை நோக்கி இல்லை. முதுகு முழுவதையும் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பின்பக்கமாகவே பாய்ந்து சிறுத்தையின்மேல் மோதினாள்.

அந்த அலறல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. முன்னங்காலில் நாலு முள், மோவாயில் இரண்டு. சிறுத்தை காலை உதறியது. உதற உதற முள் உள்ளே போனது. மூன்று காலால் நொண்டிக்கொண்டு, வந்த வழியே மலையேறிப் போய்விட்டது.

பஞ்சி ஓடிவந்து குட்டிகளைக் கட்டிக்கொண்டாள். சிலுப்பி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"பார்த்தீர்களா!" என்று மினுக்கி சிறகடித்தாள். "நான் சொன்னேனே! ஆறு அம்பு! எய்தாளா இல்லையா? இனி எல்லாக் காட்டுக்கும்..."

"எய்யவில்லை" என்றாள் சிலுப்பி. கண்ணைத் திறந்து மினுக்கியை நேராகப் பார்த்தாள். "மோதினேன்."

"யாருக்குத் தெரியும்? எல்லாரும் ஓடிவிட்டார்கள்! நான்கூடக் கண்ணை மூடிக்கொண்டேன்."

மருத மரத்தின் உச்சியிலிருந்து மைமுகனின் குரல் வந்தது. "நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மோதினாள். பின்பக்கமாக. நீ கண்ட இடத்தில் கண்டபடி சொல்லாதே."

அன்று கடைசி மான் குடித்து முடிக்கும்வரை அவன் இறங்கவே இல்லை.

நீதி: வியப்பாக இருப்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது, அது உன்னைப் புகழும் பொய்யானால், முதலில் மறுக்க வேண்டியது நீயே.