மணல் மூலை ஊற்று

ஆவாரங்குளத்தில் அந்தக் கோடையிலும் தண்ணீர் இருந்தது. சுற்றுவட்டக் காட்டில் வேறெங்கும் இல்லை. அதனால் அந்தக் குளத்து விலங்குகளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது!

ஒருநாள் காலையில் ஒரு காட்டுப்பன்றி தன் மூன்று குட்டிகளோடு அங்கே வந்து நின்றது. அதன் பெயர் மூக்காயி. அது வாழ்ந்த ஆறு வற்றிப்போனதால் நான்கு நாள் நடந்து வந்திருந்தது. குட்டிகள் நிற்க முடியாமல் அம்மாவின் காலில் சாய்ந்துகொண்டன.

குளத்துக்குத் தலைவர் ஒரு மயில். எல்லோரும் தோகையார் என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு பட்ட மரத்தின் மேல் நின்றபடியே விசாரித்தார்.

"யாரது? எந்த ஊர்? எத்தனை பேர்? இன்னும் பின்னாடி கூட்டம் வருதா?"

"வேற யாரும் இல்லைங்கய்யா. தண்ணிக்குத்தான் வந்தோம். மழை பேஞ்சதும் போயிருவோம்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க!" என்று குறுக்கே பாய்ந்தது சடையன் என்ற கீரி. ஊரில் யார் தும்மினாலும் ஏன் தும்மினாய் என்று கேட்கிற ஆள் அது. "பன்னிங்களா? சேத்துல புரள்ற சாதியாச்சே! குளத்துல இறங்கினா குளம் என்னத்துக்கு ஆகும்?"

முயல்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தன. குரங்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. கடமான் பூரணி மட்டும் குட்டிகளின் காலைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு கன்று இருந்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

தோகையார் தீர்ப்புச் சொன்னார். "எங்க துறைப் பக்கம் வரக் கூடாது. கிழக்கே மழைக்காலத்துல ஓடை வந்து விழுற மணல் மூலை சும்மாதான் கிடக்கு. அங்க இருந்துக்குங்க."

மூக்காயி தலையாட்டியது. பிறகு மூக்கைத் தூக்கிக் குளத்துக் காற்றை மோந்து பார்த்தது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. வெயிலுக்குத் தண்ணி பச்சை பிடிச்சுக் கெட்டுப்போயிருக்கு. இதைக் குடிச்சா வயித்துக்கு ஆகாதுங்க."

அவ்வளவுதான்! குளக்கரையே சிரித்தது.

"கேட்டீங்களா கதையை! பன்னி வந்து நமக்குச் சுத்தம் சொல்லுது!" என்று சடையன் தரையில் உருண்டு சிரித்தது. மூக்காயி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மணல் மூலைக்குப் போனது.

அந்த ஆற்றங்கரைப் பன்றிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க மாட்டார்கள். மணலில் ஊற்று தோண்டுவார்கள். முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரைக் காலால் வாரி வெளியே தள்ளிவிடுவார்கள். அப்புறம் தெளிந்து ஊறுவதைத்தான் குடிப்பார்கள். மூக்காயி மணல் மூலையிலும் அப்படியே ஒரு ஊற்று தோண்டியது. அதற்கு அது தினசரி வேலை. பார்த்தவர்களுக்கோ அதுவே பெரிய மர்மமாகிவிட்டது.

சடையன் ஒரு காரைப் புதருக்குள் பதுங்கி வேவு பார்த்தது. ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னது.

"தலைவரே! அதுங்க குளத்துத் தண்ணியைத் தொடவே மாட்டேங்குது! தனியாக் குழி தோண்டிக் குடிக்குது!"

"ஏனாம்?"

"அதானே நானும் கேக்கறேன்! பக்கத்துலயே இவ்வளவு தண்ணி இருக்கறப்ப எதுக்குக் குழி? ஏதோ உள்நோக்கம் இருக்கு!"

துறைக்கு வரக் கூடாது என்று சொன்னவர்கள் தாங்கள்தான் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவில்லை. "அடிவழியாக் குளத்தையே உறிஞ்சப் பாக்குதோ?" என்றது ஒரு முயல். "குழிக்குள்ள எதையாவது புதைக்குதோ?" என்றது ஒரு குரங்கு. "நீ தினமும் போய்ப் பாரு!" என்று தோகையார் சடையனுக்கு உத்தரவு போட்டார். அதுவும் தினமும் போனது.

ஒரு வாரம் கழிந்தது. முயல்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தன. பூரணியின் கன்று இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. கண் செருகிப்போய், குளத்துத் தண்ணீரை மட்டும் நக்கிக்கொண்டு கிடந்தது.

உச்சி வெயிலில் கூட்டம் கூடியது.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று குதித்தது சடையன். "குளத்துல எதையோ கலந்துட்டுத்தான் அதுங்க தனியாக் குடிக்குது! அதுங்க குட்டியைப் போய்ப் பாருங்க, கொழுகொழுன்னு இருக்கு!"

பூரணி எழுந்தாள். "அப்படியா? என் பிள்ளை சாகக் கிடக்கு, அதுங்க பிள்ளை கொழுக்குதா?"

அவள் நேராக மணல் மூலைக்குப் போனாள். மூக்காயி எழுந்து நின்று ஏதோ சொல்ல வந்தது. அவள் காது கொடுக்கவில்லை. நான்கு குளம்பாலும் ஊற்றை மிதித்தாள். மணல் சரிந்து, குழி மூடும்வரை மிதித்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஊரைக் காலி பண்ணணும்!" என்று கூட்டத்தோடு பின்னாலேயே வந்த தோகையார் கத்தினார்.

"ஐயா, அடுத்த தண்ணிக்கு ரெண்டு நாள் நடக்கணும். என் குட்டிங்க தாங்காதுங்க" என்றது மூக்காயி.

"அது உன் பாடு!"

வெயில் சாய்ந்தது. பன்றிகளை அனுப்பி வைக்க எல்லோரும் கூடினார்கள். கூடினார்கள் என்று பேர்தான். முயல்களால் நிற்க முடியவில்லை. குரங்குகள் முனகிக்கொண்டே வந்தன. தோகையாருக்கே தோகையைத் தூக்கத் தெம்பில்லை. சடையன் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளித் துள்ளி ஓடியது.

"ம், கிளம்பு, கிளம்பு! திரும்பிப் பாக்காம போ!"

பூரணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சடையா, இங்க வா. உனக்கு வயித்து வலியே வரலையா?"

"எனக்கா? இல்லையே! நம்ம உடம்பு வாகு அப்படி!"

"கிட்ட வா."

அவள் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். குளத்துத் துறை முழுக்கக் கரிசல் சேறு. அங்கே குடிக்கிற எல்லோருடைய வாயிலும் கருப்புச் சேறும் பச்சைப் பாசியும் ஒட்டியிருந்தன. சடையனின் தாடையிலோ வெள்ளை மணல் காய்ந்து கிடந்தது.

"இந்த மணல் ஏது?"

சடையன் அவசரமாகத் தாடையைத் துடைத்தது. "அது... வேவு பாக்கப் போனப்ப..."

"வேவு கண்ணால பாப்பாங்க. தாடையில எப்படி மணல் ஒட்டும்?"

கூட்டம் முழுவதும் இப்போது கீரியை முறைத்தது. சடையனின் வால் தொங்கிப்போனது.

"முதல் நாள் புதர்ல உக்காந்து உக்காந்து தாகமாயிருச்சு. அதுங்க மேயப் போனதும் ஒரு வாய் குடிச்சேன். தேனா இருந்துச்சு! அப்புறம் தினமும்..."

"ஒரு வாரமாவா? அது நல்ல தண்ணின்னு உனக்குத் தெரியுமா?" பூரணி ஒரு அடி முன்னால் வந்தாள். "பாவி! தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தே? நான் ஊற்றை மிதிக்கிறப்பகூட வேடிக்கைதானே பாத்தே?"

"எப்படிச் சொல்லுவேன்? பன்னி குடிக்கிற தண்ணியக் குடிச்சேன்னு தெரிஞ்சா என்னையும் மணல் மூலைக்குத் தள்ளிருவீங்களே!"

சடையன் பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நிச்சயம் தள்ளியிருப்பார்கள்.

பூரணி மூக்காயியிடம் போனாள். தலையை நிமிர்த்த அவளால் முடியவில்லை.

"அக்கா, நீங்க ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனேம்மா. வந்த அன்னைக்கே சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க" என்றது மூக்காயி.

பூரணிக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அவளும் கொஞ்சம் சிரித்திருந்தாள்.

மூக்காயி அவளை அழவிட்டுக்கொண்டு நிற்கவில்லை. "கன்னுக்குட்டியை இங்க தூக்கிட்டு வாங்க. குளத்துத் தண்ணி இனி ஒரு சொட்டுக்கூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தது. மிதித்து இறுகிய மணல் லேசில் விடவில்லை. மூக்குத் தோல் உரிந்தது. மூன்று குட்டிகளும் பக்கத்தில் நின்று மணலைத் தள்ளின. கலங்கல் ஊறியது. மூக்காயி அதை வாரி வெளியே தள்ளிவிட்டது. பிறகு தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியில் நிறைந்தது.

கன்று ஒரு வாய் குடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாய் குடித்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து நின்று அம்மாவின் மடியை முட்டியது. பூரணி அன்று முதல் மணல் மூலையை விட்டு நகரவே இல்லை.

முயல்களும் குரங்குகளும் அங்கேயே வந்து குடித்தன. தோகையார் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று தொண்டையைச் செருமினார்.

"மூக்காயி, தண்ணி நல்லாத்தான் இருக்கு. நான் ஒரு தலைவர் இல்லையா? எனக்குன்னு தனியா ஒரு ஊற்று தோண்டிக் குடுத்துரு. இந்தக் குட்டிங்க வாய் வைக்காத மாதிரி."

மூக்காயி தோல் உரிந்த மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"ஊற்று இது ஒண்ணுதான் ஐயா. வரிசை அங்க முடியுது பாருங்க, சடையனுக்குப் பின்னாடி."

தோகையார் சுற்றுமுற்றும் பார்த்தார். பச்சை பிடித்த குளத்தைப் பார்த்தார். பிறகு தோகையைச் சுருட்டிக்கொண்டு மெல்ல நடந்துபோய்க் கீரிக்குப் பின்னால் நின்றார்.

நெருங்கிப் பழகி அறியாமல், சந்தேகத்தால் பிறரைத் தள்ளி வைப்பவர்கள், தங்கள் உயிரைக் காக்கும் ஊற்றைத் தாங்களே மிதித்து மூடிவிடுகிறார்கள்.