கடைசி அத்தியாயத்துச் சிக்ஸர்

குன்னூர்க் குளிரில் பெரியவர்களைப் படிக்க வைக்க, நூலகத்தில் கிரிக்கெட் வாசிப்புப் போட்டி வைத்தார்கள். ஒல்லிப் புத்தகம் படித்தால் ஒரு ரன், தலையணைப் புத்தகத்துக்குச் சிக்ஸர். சீட்டுக் குலுக்கியதில் அம்பயர் தொப்பி, நூலகம் பெருக்கும் தெய்வானை தலையில் ஏறியது.

வாசகர் வட்டத் தலைவர் நஞ்சப்பன் ஒரு கட்டுப் புத்தகத்தை மேசையில் போட்டார். "எல்லாம் படிச்சாச்சு, எல்லாத்துக்கும் சிக்ஸர் குடு. படிக்கலேன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

தெய்வானை மேலிருந்த நாவலைத் தொட்டாள். "இதையேவா படிச்சீங்க ஐயா?"

"இதையேதான்!"

"கப்பலேறிப் போன புருஷனுக்காக அவ வாசல்லயே நிக்கிறாளே, கடைசியில அவன் வந்தானா?"

"வராம இருப்பானா? பொட்டி நிறையச் சாமானோட வந்து இறங்கினான்!"

தெய்வானை நாவலின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினாள். கடைசி அத்தியாயத்தை எப்போதோ எலி தின்றிருந்தது. அம்பயர் விரல் உயர்ந்தது. கூடம் சிரிப்பில் அதிர, தலைவர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

"நல்லா மடக்கிட்டியேம்மா!" என்றார் நூலகர்.

தெய்வானை நாவலை மூடவில்லை. "பல வருஷமா நானும் அவகூடவே வாசல்ல நிக்கிறேன் சார். பொய்யாவே இருக்கட்டும், அவன் வந்துட்டான்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் வாயால கேட்டேன்."