மெதுவான பந்தை எங்கே போடுவது

பிரம்மசக்திக்கு முப்பத்து நான்கு வயது. அவளுக்குக் கோச்சாக வாய்த்த ஜெபக்கனிக்கு முப்பது. கோச் அவளை அக்கா என்பாள். அக்கா அவளைக் கோச் என்பாள். மாவட்ட சாஃப்ட்பால் அணியில் இது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

அரையிறுதியில் அணி தட்டுத் தடுமாறி ஜெயித்திருந்தது. தடுமாறியதற்குக் காரணம் பிரம்மசக்தி போட்ட சேஞ்ச்-அப். கையை முழு வேகத்தில் சுழற்றிவிட்டு, பந்தை மட்டும் மெதுவாக விடுகிற வித்தை அது. வேகப்பந்து என்று நம்புகிற பேட்டர், பந்து வந்து சேர்வதற்குள் மட்டையை வீசி முடித்திருப்பாள். அன்றைக்கு எதிரணிப் பேட்டர் வீசி முடிக்கவில்லை. பந்து வேலியைத் தாண்டிப் போய், சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்தது.

சங்கச் செயலாளர் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"நாளைக்கு ஃபைனல். காலேஜ் பிள்ளை ஒண்ணு வேகமாப் போடுது. அதைப் போடச் சொல்லலாம்."

"சக்தி அக்காதான் போடுவாங்க" என்றாள் ஜெபக்கனி.

"சரி. நாளைக்கும் அடி வாங்கினா, அடுத்த வருஷம் டீம்ல அவுக பேரு கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

பிரம்மசக்தி இதைப் பக்கத்தில் நின்றே கேட்டாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுடைய வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும், எதிரணிகளுக்கும் தெரியும். மெதுவான பந்தும் கைவிட்டால் அவளிடம் வேறு சரக்கு இல்லை.

சாயங்காலம் எல்லாரும் பஜ்ஜி தின்னப் போன பிறகு கோச்சிடம் வந்தாள்.

"கோச், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சேஞ்ச்-அப்பை எங்க போடணும்? உடம்பை ஒட்டியா, வெளியவா?"

ஜெபக்கனி பந்து வீசிப் பழகியவள் இல்லை. ஆடிய காலமெல்லாம் மட்டை பிடித்தவள். ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு போய், பேட்டர் நிற்கிற பிளேட்டின் அருகே நின்றாள்.

"ஏட்டி பேச்சி! கவசத்தை மாட்டு."

பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சர் பேச்சித்தாய், கையிலிருந்த பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

பிரம்மசக்தி உடம்பை ஒட்டிப் போட்டாள். ஜெபக்கனி அடித்தாள். வெளியே தள்ளிப் போட்டாள். அதையும் அடித்தாள்.

"வாரது சேஞ்ச்-அப்னு தெரிஞ்சுக்கிட்டு அடிக்கீங்க. இது நியாயமா?"

"அப்போ கலந்து போடுங்க."

இரண்டு வேகப்பந்து போட்டாள். அடுத்து அதே கைச்சுழற்சியில் மெதுவானது ஒன்று. ஜெபக்கனி முன்னால் சாய்ந்துவிட்டாள். ஒரு கை மட்டையை விட்டே விட்டது. ஆனாலும் இடுப்பு உயரத்தில் மிதந்துவந்த பந்தை மிச்சமிருந்த ஒற்றைக் கையால் தட்டி, ஆளில்லாத இடத்தில் விழவைத்தாள்.

"நல்லா ஏமாந்துட்டேன்க்கா" என்றாள். "ஏமாந்தும் அடிச்சுட்டேன்."

"சக்திக்கா, நீங்க இந்த உயரத்துல போட்டா எனக்கு வேலையே இல்ல" என்றாள் பேச்சித்தாய். "பந்து என் பக்கமே வரமாட்டேங்குது. நான் போயி மிச்ச பஜ்ஜியைத் திங்கட்டா?"

"வாயை மூடிட்டு உக்காருட்டி."

அடுத்த சேஞ்ச்-அப்பில் பிரம்மசக்தியின் கை வியர்வையில் வழுக்கியது. முழங்கால் உயரத்துக்கு வந்த பந்து அங்கிருந்து சரிந்து, பிளேட்டுக்கு முன்னால் தரையில் குத்திப் பேச்சித்தாயின் நெஞ்சுக் கவசத்தில் மோதியது. ஜெபக்கனியின் மட்டை அதற்கு வெகுமேலே காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. தொப்பி கீழே விழுந்தது.

"ஐயோ, சாரி பேச்சி! சாரி கோச்! வழுக்கிருச்சு."

ஜெபக்கனி தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டாள்.

"இன்னொண்ணு போடுங்க."

"எங்க?"

"சாரி கேக்குற மாதிரி."

பிரம்மசக்தி போட்டாள். பந்து இடுப்பு உயரத்துக்கே வந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் இடுப்புதான். தாழ்த்த வேண்டும் என்று நினைத்துத்தான் கையைச் சுழற்றினாள். விடுகிற கணத்தில் விரல்கள் தாமாகவே பந்தை மேலே தூக்கிவிட்டன.

ஜெபக்கனி மட்டையைத் தரையில் ஊன்றினாள்.

"என்னக்கா பயம்?"

பிரம்மசக்தி பந்தைத் துடைத்தாள்.

"போன வருஷம் நீங்க வாரதுக்கு முன்னால. மூணாவது பேஸ்ல ஆளு நிக்கா. நான் தாழ்த்திப் போட்டேன். தரையில குத்தி கேட்சரைத் தாண்டிப் போயிருச்சு. அவ ஓடிப்போயி எடுக்கதுக்குள்ள ரன் வந்துட்டு. அதோட மேட்ச் போச்சு."

"அன்னைக்கு உக்காந்திருந்தது நானா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"நீ இல்ல. நீ அப்ப டீம்லயே இல்லியே."

"அவ வுட்டதுக்கு என்னைய ஏன்க்கா சந்தேகப்படுதிய?"

கோச் குறுக்கே வந்தாள்.

"பேச்சி, கிளவுஸைக் கழட்டு."

"கழட்டியா?"

"கழட்டி அந்தால போடு. முட்டி போடு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ. அக்கா, நீங்க தரையைப் பாத்துப் போடுங்க."

"கையில்லாம எப்படி கோச் புடிப்பா?"

"புடிக்கச் சொல்லலியே."

பிரம்மசக்தி தயங்கித் தயங்கி, மெதுவாக ஒன்று போட்டாள். பந்து தரையில் குத்தி எழும்பியது. பேச்சித்தாய் தோள்களை முன்னால் குறுக்கிக்கொண்டு அதன் மேல் கவிழ்ந்தாள். கவசத்தில் பட்ட பந்து துள்ளவில்லை. அவள் முட்டிக்கு முன்னால் செத்த எலி மாதிரிக் கிடந்தது.

"இது பந்தாக்கா?" என்றாள் பேச்சித்தாய். "எங்க வீட்டுப் பூனை இதைவிட வேகமா முட்டும். நல்லாப் போடுங்க."

நன்றாகவே போட்டாள். இடது பக்கம் குத்தியதற்குப் பேச்சித்தாய் இடது பக்கம் சாய்ந்தாள். வலது பக்கம் குத்தியதற்கு வலது பக்கம் விழுந்தாள். பந்து எப்படி வந்தாலும் கடைசியில் அவளுக்கு முன்னால்தான் கிடந்தது. வெளிச்சம் மங்கும்வரை இது நடந்தது. கோச் இடையில் போய்த் தானும் பஜ்ஜி வாங்கி வந்து தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் இறுதியாட்டம். எதிரணி சேலம்.

கடைசி இன்னிங்ஸ் வந்தபோது பிரம்மசக்தியின் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. சேலத்துக்கு இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒருத்தி, பிளேட்டுக்கு ஓடிவந்து ரன்னைச் சமன் செய்யக் காத்திருந்தாள். மட்டையோடு நின்ற உயரமான பெண்ணுக்கு இரண்டு முறை மட்டை தவறி, இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் மூன்றாவது அவுட், கோப்பை.

பேச்சித்தாய் விரல்களைக் காட்டினாள். சேஞ்ச்-அப்.

பிரம்மசக்தி மாட்டேன் என்று தலையசைத்தாள். மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறாள்.

பேச்சித்தாய் அதையே மறுபடி காட்டினாள். பிறகு நெஞ்சுக் கவசத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பிரம்மசக்தி கோச்சைப் பார்த்தாள். கோச் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவிழாத லேஸ் அது. பக்கத்தில் செயலாளர் கல்லூரிப் பெண்ணிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கையைச் சுழற்றினாள். பந்து முழங்கால் உயரத்துக்கு வந்து, வேகப்பந்து போலவே நம்பிக்கை கொடுத்து, அங்கிருந்து சரிந்தது. உயரமான பெண் முழு பலத்தோடு வீசினாள். மட்டைக்கு வெகுகீழே பந்து மண்ணில் குத்தியது. மூன்றாவது ஸ்ட்ரைக்.

ஆனால் ஆட்டம் முடியவில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தரையில் படாமல் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். உயரமான பெண் ஓடினாள். மூன்றாவது பேஸில் நின்றவளும் புறப்பட்டுவிட்டாள்.

தூசிக்குள் பேச்சித்தாய் கவிழ்ந்து கிடந்தாள். பந்து அவள் முட்டிக்கு முன்னால் கிடந்தது. எடுத்து, முட்டி போட்டபடியே முதல் பேஸுக்கு எறிந்தாள்.

பேட்டர் சேர்வதற்குள் பந்து அங்கே போய்விட்டது; அதனால் மூன்றாவது பேஸிலிருந்து வந்தவளின் ரன்னும் செல்லாது. அம்பயர் கையை உயர்த்தினார். அவுட்.

பிரம்மசக்தி துள்ளவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அணி முழுவதும் ஓடிவந்து அவள்மேல் விழுந்தது.

செயலாளர் வந்து கைகொடுத்தார். "அடுத்த வருஷமும் நீங்கதான்மா" என்றார். நேற்றுச் சொன்னதை மறந்துவிட்டவர் போலத்தான் இருந்தது முகம். அவள் மறக்கவில்லை. ஆனாலும் சிரித்தாள். தோள் இரண்டும் லேசாகிவிட்டதுபோல் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் தண்ணீர் பாட்டிலோடு கோச் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோச், அந்தப் பிள்ளை மட்டையை வீசாம நின்னிருந்தா?"

"ஸ்ட்ரைக் ஆகாது, ஒரு பால்னு கணக்கு. அடுத்ததைப் போட்டிருப்பீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பிரம்மசக்தி பாட்டிலில் பாதியைக் குடித்தாள்.

"நேத்துக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. இப்பவாச்சும் சொல்லுங்க. சேஞ்ச்-அப்பை எங்க போடணும்?"

"கடைசிப் பந்தை எங்க பாத்துப் போட்டீங்க?"

அவள் யோசித்தாள். முழங்காலைப் பார்த்ததாக நினைவில்லை. பிளேட்டையும் பார்க்கவில்லை. எதிரே மைதானத்தில், பேச்சித்தாய் கவசத்தைக் கழற்றி அதற்குள் புகுந்த மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் பாக்கல கோச். அங்க பேச்சி இருக்கான்னு போட்டேன்."

ஜெபக்கனி பாட்டிலை வாங்கி மீதித் தண்ணீரைக் குடித்தாள்.

"பெறவு ஏன்க்கா என்கிட்ட கேக்கீங்க?"