மேற்குக் கரையில் ஒலித்த முரசு

கழுகுத்தீவுக் கோட்டை பசியால் விழுந்தது என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். கேட்பவர்களே, இது பெரும்பிழை. இதைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது பாவம். பசி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு முரசு.

வரிக்கொடுமை தாங்காமல் அந்தத் தீவு அரசனை எதிர்த்து எழுந்த காலம் அது. அரசனின் கப்பல்கள் தீவைச் சுற்றி வளைத்து நின்றன. தீவைச் சுற்றிலும் பாறைகள். நடுவே தோணி நுழைய ஒரே ஒரு வழி. அது எங்கே என்று கப்பல்காரர்களுக்குத் தெரியாது.

எதிர்க்கரைத் தோணிக்காரன் சேந்தனுக்குத் தெரியும். கோட்டைக்குள் அவன் தங்கை பூவேழி கைக்குழந்தையோடு இருந்தாள். பனி மூடிய விடியலில் சேந்தன் மேற்கே இருந்த அந்த வழியாக நுழைவான், நெல்லை இறக்குவான், திரும்புவான்.

தீவில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் காத்தவன் கால் பதித்த கரையிலேயே முரசறைந்து, அவன் பெயரை மூன்று முறை கூவ வேண்டும்.

முதல் முறை கோட்டைத் தலைவர் முரசை அனுப்பினார். "வேண்டாம் ஐயா, சத்தம் கப்பலுக்குக் கேக்கும்" என்றான் சேந்தன்.

இரண்டாம் முறையும் மறுத்தான். ஆனால் தோணி ஏறும்போது முரசையே பார்த்தான். கூட்டாளி இருளாண்டி சிரித்தான்: "என்ன அண்ணே, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்க?"

மூன்றாம் முறை புதுக் காவலன் ஒருவன் கரையில் நின்றான். "ஏய், கூலியாளா நீ? மூட்டையை அந்தப் பக்கம் போடு!"

சேந்தனின் முகம் சிவந்தது. "தலைவர்கிட்ட சொல்லு. முரசு வரட்டும்."

"அண்ணே, கப்பலு..." என்று இழுத்தான் இருளாண்டி.

"இந்தப் பனியில அவனுக்கு என்னடா தெரியும்?"

உண்மைதான். கப்பல்காரர்களின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் முரசு கேட்டது. சேந்தன் என்ற பெயர்கூட மூன்று முறையும் தெளிவாகக் கேட்டது.

நான்காம் முறை சேந்தன் வந்தபோது, சத்தம் வந்த திசையை வைத்து வழியைக் கண்டுகொண்ட கப்பல்காரர்கள், அதில் கல் நிரப்பிய படகுகளை மூழ்கடித்து அடைத்திருந்தார்கள். நெல்லோடு திரும்பினான்.

அதிலிருந்து இருபதாம் நாள் கோட்டைக் கதவு திறந்தது. நடக்க முடிந்தவர்கள் வெளியே வந்தார்கள். பூவேழியும் வந்தாள். கையில் குழந்தை இல்லை.

உதவி முடியுமுன் புகழைத் தேடுகிறவன், தான் காக்க வந்தவரையே கைவிடுகிறான்.

திரும்பிய நெல் தோணியின் ஈரத்தில் முளைவிட்டிருந்தது. அதை மாடுகளுக்குப் போட்டார்கள்.