பறக்கும் கப்பலுக்குக் கட்டியம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கடலே இல்லாத நாட்டில் அவருக்குப் போர்க்கப்பல் மீது ஆசை வந்துவிட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, வானத்தில் ஓடட்டும் என்று உத்தரவு போட்டார். பாவம், தச்சர்கள் ஏழு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியும் முடித்தார்கள். நடுவில் பெரிய அடுப்பு, அதன்மேல் மாளிகை அளவுக்குத் தோல்பை. விறகு போட்டுக்கொண்டே இருந்தால் புகை நிறைந்து கப்பல் மிதக்கும். தளம் முழுக்க எதிரிகள்மேல் கொட்ட நெருப்புச் சட்டிகள்.

அந்தக் கப்பல் ஒருநாள் காலையில் திருடுபோனது. திருடியவன் வக்கிரதண்டன், கருமலைக் கொள்ளையன். உச்சிப்பொழுதுக்குள் அரண்மனைக் குளத்துக்கு மேலே வந்து நின்று கத்தினான்.

“ஏ ராஜா! கிரீடத்தை வைத்துவிட்டு ஓடிப்போ! இனி நான்தான் இங்கே ராஜா. மறுத்தால் ஊரையே கொளுத்துவேன்!”

தெருவில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திசை தெரியாமல் ஓடினார்கள். மாடத்தில் ராஜா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“சேனாபதி! நூறு காவலர் இருந்தும் கப்பல் எப்படிப் போயிற்று?”

“மாயம், பிரபு! மந்திர மாயம்!” என்றார் சேனாபதி மல்லப்பராயர். அரசவை விகடகவி பிச்சாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “அம்பு விட்டால் நெருப்பைக் கொட்டிவிடுவான். பிச்சாண்டிதான் மகா புத்திசாலியாயிற்றே! அம்பில்லாமல், ஆள் தொடாமல் அவனே கப்பலை இறக்கட்டும்.”

“அப்படியே ஆகட்டும்! பிச்சாண்டி, இறக்கு. இல்லையேல் முதலில் உன் தலை போகும்!”

ஊருக்குள் பிச்சாண்டியின் மனைவியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். மாடத்தின் விளிம்புக்கு ஓடினான்.

“மகாராஜா!”

“என்ன?” என்றார் ராஜா.

“தங்களை இல்லை பிரபு, மேலே இருப்பவரை.”

பிச்சாண்டி மேலே பார்த்துக் கும்பிட்டான்.

“மகாராஜா! கட்டியம் இல்லாமல் ஒருவர் பட்டத்துக்கு வரலாமா? நாலு பேர் சிரிக்கமாட்டார்களா?”

வக்கிரதண்டன் மீசையை நீவினான். “அதுவும் சரிதான். என் புகழைச் சொல்லடா!”

“சொல்கிறேன். ஆனால் முடியும்வரை தங்கள் ஆட்கள் கைகட்டி, வாய்பொத்தி, அசையாமல் நிற்கவேண்டும். அதுதான் ராஜமரியாதை.”

“டேய், கேட்டீர்களா? அசைந்தவன் தலை இருக்காது!”

அடுப்புக்காரர்களும் விறகைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

“ராஜாதி ராஜ! ராஜ மார்த்தாண்ட! காற்றைக் கட்டி மேய்த்த! இடிக்கே செவிட்டில் அறைந்த! மின்னலைத் திரித்து மீசை முறுக்கிய...”

“துரோகி! பகைவனையா புகழ்கிறாய்?” என்று சேனாபதி வாளை உருவினார். ராஜா அவர் கையைப் பிடித்தார். கப்பல் கொஞ்சம் தாழ்ந்தது போல அவருக்குப் பட்டது.

பிச்சாண்டி மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போனான். வக்கிரதண்டனோ கண்ணை மூடிச் சொக்கிப்போய், “ம்... அப்புறம்?” என்றான்.

“ஐயா, அடுப்பு...” என்றான் ஓர் அடுப்புக்காரன்.

“வாயை மூடு! கட்டியம் முடியவில்லை!”

தோல்பை சுருங்கியது. கப்பல் தொப்பென்று குளத்தில் விழுந்தது. நெருப்புச் சட்டிகள் எல்லாம் அணைந்தன. வீரர்கள் வக்கிரதண்டனைக் குடுமியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். பாசியைத் துப்பிவிட்டு அவன் கேட்டான், “முடிந்துவிட்டதா?”

ராஜா ஓடிவந்து பிச்சாண்டியைக் கட்டிக்கொண்டார். “இந்த யோசனை உனக்கு எப்படியப்பா வந்தது?”

பிச்சாண்டி சேனாபதியைப் பார்த்தான். சேனாபதி குளத்தைப் பார்த்தார்.

“இன்று காலை தங்களுக்குக் கட்டியம் நடந்தது, பிரபு. தாங்கள் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தீர்கள். நூறு காவலரும் கைகட்டி, வாய்பொத்தி நின்றார்கள். கப்பல் கிளம்பியதை எல்லாருமே பார்த்தோம். கட்டியம் முடியாததால் யாரும் அசையவில்லை.”

ராஜாவின் முகம் சுருங்கியது. பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீரே வந்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டி கழுத்தில் போட்டார். உடனே வழக்கப்படி கட்டியக்காரன் முன்னால் வந்து, “ராஜாதி ராஜ...” என்று ஆரம்பித்தான்.

“ஐயையோ, நிறுத்தப்பா!” என்று அலறினார் ராஜா. “முதலில் யாராவது போய் அந்தக் கப்பலைக் கட்டிப்போடுங்கள்!”