பாறைக்கு நேரே போன பாடத்திட்டம்

முன்னொரு காலத்தில், கொசுகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் அரண்மனைக்குள் கடிக்கலாம் என்றிருந்த காலத்தில், வீரகேசரி மகாராஜா என்று ஒருவர் ஆண்டு வந்தார். அவரைப் போன்ற சந்தேகப்பிராணியை ஈரேழு பதினாலு உலகத்திலும் தேடினாலும் பார்க்க முடியாது. அவர் சாப்பிடும் முன் சமையற்காரன் ருசி பார்க்க வேண்டும். சமையற்காரனை எப்படி நம்புவது? அவனுக்கு முன்னால் ஒருவன் ருசி பார்க்க வேண்டும். அவனுக்கும் முன்னால் இன்னொருவன். இப்படி ஊரில் பாதிப் பேர் வாய் வைத்து, கடைசியில் ராஜாவின் இலைக்கு வந்து சேர்வது ஒரு கறிவேப்பிலை. அதையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

ராஜா எப்படியோ, ராஜ்யமும் அப்படி. ஒரு பசு வழக்கத்தைவிட ஒரு படி பால் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், "இது எதற்கு அடிபோடுகிறது?" என்று மாட்டுக்காரன் இரண்டு நாள் தூங்கமாட்டான்.

அங்கே ஆற்றங்கரையில் ஒரு கலாசாலை இருந்தது. அதன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து போவதற்குள் மாணவனுக்கு மீசை முளைத்துவிடும், அவ்வளவு பெரியது. வைத்தியம், வானநூல், கட்டடக்கலை, ஓடம் செலுத்துவது என்று எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் பாடத்தில் ஒரு சொல்லை மாற்றவேண்டும் என்றால் மூன்று சபைகள் சம்மதிக்க வேண்டும். முதலில் துறைச் சபை. பிறகு பாடச் சபை. அதற்கும் மேலே பேரவை. அப்புறம் ராஜாவின் முத்திரை.

இதுவரை நியாயம்தான். கோளாறு எங்கே வந்தது என்றால், இந்த ராஜாவின் பாட்டனார் காலத்தில் எவனோ ஒரு குறும்பன், இலக்கணப் பாடத்துக்கு நடுவில் கத்தரிக்காய்த் துவையல் அரைக்கும் விதத்தைச் செருகிவிட்டான். மூன்று சபைகளும் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிட்டன. அந்த வருஷம் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் பிரமாதமாகத் துவையல் அரைத்தார்கள். ஒருவனுக்கும் ஒரு வாக்கியம் எழுத வரவில்லை.

பாட்டனார் கொதித்துப்போய்ச் சட்டம் போட்டார். ஒவ்வொரு சபையும் தன்னிடம் வருகிற ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு திருத்தமாவது செய்தாக வேண்டும். செய்யாத சபை, ஒன்று, படிக்கவில்லை, இல்லையென்றால் கைக்கூலி வாங்கியிருக்கிறது. எதுவானாலும் சிறை. திருத்தம் செய்தபின் அது புது வாசகம் ஆகிவிடுகிறதே, அதை மறுபடியும் முதல் சபையிலிருந்து எல்லோரும் பார்க்க வேண்டும்.

விளைவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சபை திருத்தும், நடுச்சபை திருத்தும், மேல்சபை திருத்தும், மறுபடி கீழே வரும், மறுபடி திருத்தும். மூன்று தலைமுறையாக அந்தக் கலாசாலையில் ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. வானநூல் துறையில் ஒரு வால்நட்சத்திரத்தைச் சேர்க்கலாம் என்று கிளம்பிய வாசகம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த வால்நட்சத்திரம் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஓடத்துறை ஆசிரியை செங்கமலத்தம்மாள் ஒருநாள் ராஜசபைக்கு வந்து நின்றாள். அவள் பின்னால் ஒரு மாட்டுவண்டி. வண்டி நிறைய ஓலை.

"என்ன அம்மணி இது? வரியா?" என்றார் ராஜா, உடனே சந்தேகத்தோடு.

"இல்லை மகாராஜா. நான் கேட்ட ஒரே ஒரு மாற்றம். திருத்தம் சேர்ந்து சேர்ந்து வண்டி கொள்ளவில்லை."

"அப்படி என்ன மாற்றம்?"

"ஓடப் பாடத்தில், 'கோயில் படித்துறை தாண்டியதும் இடப்பக்கம் திருப்பு' என்று இருக்கிறது. அதை 'வலப்பக்கம்' என்று மாற்ற வேண்டும். தங்கள் தந்தையார் காலத்துப் பெருவெள்ளம் யானைப்பாறையை உருட்டி இடப்பக்கம் தள்ளிவிட்டது. பாடத்தில் சொன்னபடி ஓட்டினால் ஓடம் பாறையில்தான் போய் மோதும்."

"மாணவர்கள் என்ன செய்கிறார்கள்?"

"பாடப்படி ஓட்டிப் பாறையில் மோதுகிறவன் தேறுகிறான், பிரபு. அவனுக்குப் பாறைமேலேயே வைத்துப் பட்டம் கொடுக்கிறோம். வலப்பக்கம் திருப்பி நனையாமல் கரை சேருகிறவன் தவறிவிடுகிறான். போன வருஷம் தேறியவன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் அதிகம். தெப்பத் திருவிழா அன்று தேர்வு. காலோடு போகாது மகாராஜா, உயிர் போகும்."

பேரவைத் தலைவர் உத்தண்டியார் எழுந்தார். நெட்டை உருவம், கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. தன் நிழல் தன் பின்னாலேயே ஏன் வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கிற மனிதர்.

"மகாராஜா, ஒரே வார்த்தைக்காக இத்தனை வருஷம் அலைகிறாளே, ஏன்? வலக்கரையில் இந்த அம்மாளுக்கு நிலபுலன் ஏதாவது இருக்குமோ?"

ராஜாவின் புருவம் ஏறியது. "இருக்கிறதா அம்மணி?"

"வலக்கரையில் சுடுகாடுதான் இருக்கிறது, பிரபு."

"பார்த்தீர்களா! அதைப்பற்றியும் விசாரித்து வைத்திருக்கிறாள்!" என்றார் உத்தண்டியார்.

மூலையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விகடகவி மருதாசலம். குள்ளமான ஆள், தொந்தி அவருக்கு முன்னால் சபைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ராஜாவைச் சிரிக்கவைக்கிற ஒரே ஆள் என்பதால் உத்தண்டியாருக்கு அவரைக் கண்டாலே நெஞ்சு எரியும்.

சமயம் வாய்த்ததென்று உத்தண்டியார் குழைந்தார். "எல்லாவற்றுக்கும் வழி தெரிந்த மருதாசலனாரே இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கித் தரட்டுமே, மகாராஜா. தெப்பத் திருவிழாவுக்குள். முடியாவிட்டால் அவரும் இந்த அம்மாளும் கூட்டுச்சேர்ந்து ஏதோ சதி செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நாட்டைவிட்டுப் போகட்டும்!"

ராஜாவுக்கு இந்த யோசனை தேனாக இனித்தது. "அப்படியே ஆகட்டும். ஆனால் மருதாசலம், பாட்டனார் சட்டம் மயிரிழையும் வளையக்கூடாது. மூன்று சபையும் சம்மதிக்காமல் நானே சொன்னாலும் ஒரு சொல் மாறக்கூடாது."

"தாங்களே சொன்னாலுமா, பிரபு?"

"நானே சொன்னாலும்!"

"உத்தரவு. ஒரே ஒரு வேண்டுகோள். சபைகள் நான் பாய் விரிக்கிற இடத்தில் கூட வேண்டும். தாங்களும் முத்திரை மோதிரத்தோடு எழுந்தருள வேண்டும்."

"எந்தப் பாய்? கோரையா, பிரம்பா? ஏன் பாய்?" என்று ராஜா கால் நாழிகை குடைந்துவிட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டார்.

தெப்பத்துக்கு முதல்நாள் காலை மருதாசலம் பாய் விரித்தார். எங்கே? கோயில் படித்துறையில் கட்டியிருந்த பெரிய ஓடத்தில்!

முதலில் வந்தவர் துறைச் சபைத் தலைவர். பாயைத் தூக்கிக் கீழே ஊசி இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து வந்த பாடச் சபைத் தலைவர், துறைச் சபைத் தலைவர் பார்த்ததை நம்பாமல் மறுபடி தூக்கிப் பார்த்தார். உத்தண்டியார் பாயை மோந்து பார்த்தார். பிறகு ராஜா ஏறினார். ஓடத்தின் பின்பக்கம் சுக்கானைப் பிடித்துச் செங்கமலத்தம்மாள். கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், வெள்ளம் ஓடத்தை வாரிக்கொண்டு போயிற்று.

"கோயில் படித்துறை தாண்டியாயிற்று," என்று உரக்கச் சொன்னாள் அவள். "ஒப்புதல் பெற்ற பாடப்படி இடப்பக்கம் திருப்புகிறேன்."

திருப்பினாள். எதிரே யானைப்பாறை. அன்றைக்கு அது யானை அளவா இருந்தது? யானைக் கூட்டமே முதுகு காட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்பதுபோல் இருந்தது.

மருதாசலம் தொந்தியைத் தடவிக்கொண்டார். "கனவான்களே, சபை கூடிவிட்டது. பரிசீலனைக்குரிய வாசகம்: 'வலப்பக்கம் திருப்பு.' துறைச் சபை என்ன சொல்கிறது?"

"சம்மதம்! சம்மதம்!" என்று கத்தினார் துறைச் சபைத் தலைவர். வாய் சும்மா இருக்குமா? முப்பது வருஷப் பழக்கம். "ஆனால் 'உடனே வலப்பக்கம் திருப்பு' என்று திருத்தவும்!"

"திருத்தப்பட்டது. பாடச் சபை?"

"'உடனே' என்பது போதாது! 'அதிவேகமாக' என்று போடுங்கள் ஐயா!"

"திருத்தப்பட்டது. பேரவை?"

உத்தண்டியார் கண்ணைச் சுருக்கிப் பாறையைப் பார்த்தார். "மகாராஜா, ஏமாறாதீர்கள். அது பாறையே இல்லை! மூங்கில் தட்டியில் சாக்கைக் கட்டி இந்த மருதாசலம் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறான். 'வலப்பக்கம்' என்பதற்குப் பதில் 'ஆராய்ந்தபின் ஏதாவது ஒரு பக்கம்' என்று திருத்துகிறேன்."

"ஆஹா. திருத்தம் வந்துவிட்டதால் மறுபடி துறைச் சபைக்குப் போகிறது," என்றார் மருதாசலம், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

பாறையில் மோதிய தண்ணீர் எல்லோர் முகத்திலும் தெறித்தது. ராஜா மோதிரக் கையை நீட்டினார். "அம்மணி! நான் சொல்கிறேன், திருப்பு வலப்பக்கம்!"

"தாங்களே சொன்னாலும் மாறக்கூடாது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள், பிரபு," என்றார் மருதாசலம்.

ராஜா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பானை அரிசி வெந்திருக்கும். ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"துறைச் சபை?"

துறைச் சபைத் தலைவர் பாறையைப் பார்த்தார், தன் தொப்பை நனைந்ததைப் பார்த்தார். "எனக்கு ஒரு திருத்தமும் வேண்டாம்! அந்த அம்மாள் முதன்முதலில் எழுதினபடியே! சிறைக்குப் போகிறேன் ஐயா, சிறையில் ஈரம் இருக்காது!"

"பாடச் சபை?"

"அவர் பக்கத்து அறையில் என்னைப் போடுங்கள்! எழுதினபடியே!"

"பேரவை?"

"சாக்கு!" என்றார் உத்தண்டியார். "வெறும் சாக்கு! இதோ பாருங்கள், நான் குத்திக் காட்டுகிறேன்!" முன்னால் பாய்ந்து தடியை நீட்டிப் பாறையைக் குத்தினார்.

படார்! தடி நாலு துண்டு. வெள்ளிப்பூண் பறந்துபோய் எந்த மீன் வாயில் விழுந்ததோ. உத்தண்டியார் கையில் மிச்சமிருந்த குச்சியை ஒருதரம் பார்த்தார்.

"எழுதினபடியே," என்றார். குரல் எலிக்குஞ்சுக் குரல்.

"பிரபு, முத்திரை!"

"அரக்கு எங்கே?" என்று ராஜா அலறினார். அரக்கு கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. மருதாசலம் மடியிலிருந்து காலைப் பலகாரத்துக்கு வைத்திருந்த அல்வாத் துண்டை எடுத்து நீட்டினார். ராஜா அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அவர் வாழ்நாளில் சந்தேகப்படாத முதல் தின்பண்டம் அதுதான். மோதிரத்தை அல்வாவில் அழுத்தினார்.

"மாற்றம் அமலுக்கு வந்தது!" என்று மருதாசலம் கத்தினார்.

செங்கமலத்தம்மாள் சுக்கானை இழுத்தாள். ஓடம் ஒரு சுற்றுச் சுழன்று, பாறையை உரசி அதன் பாசியை வழித்துக்கொண்டு, வலப்பக்கத்து அமைதியான தண்ணீரில் போய் நின்றது. எல்லோர் வேட்டியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

மூச்சு வந்ததும் ராஜாவுக்குச் சந்தேகமும் கூடவே வந்துவிட்டது. "மூன்று சபையும் திருத்தம் செய்யாமல் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள். சட்டப்படி சிறை."

மூன்று தலைகளும் தொங்கின. மருதாசலம் கைகூப்பினார். "மகாராஜா, பாட்டனார் அந்தச் சட்டத்தை எதற்குப் போட்டார்? சபையினர் படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தானே? இவர்கள் வேட்டியைப் பாருங்கள். மூன்று தலைமுறையில் ஒரு பாடத்தை இவ்வளவு ஆழ்ந்து படித்தவர்கள் உண்டா?"

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு ஆசிரியை பக்கம் திரும்பினார். "அம்மணி, உண்மையைச் சொல். உத்தண்டியார் சம்மதிக்காவிட்டால் கடைசி நொடியில் நீயாகத் திருப்பியிருப்பாய் அல்லவா?"

அவள் யோசிக்கவே இல்லை. "எப்படித் திருப்புவேன், பிரபு? பாடம் இடப்பக்கம் என்றுதானே சொன்னது?" முழங்கையைத் திருப்பி ஒரு நீளமான பழைய தழும்பைக் காட்டினாள். "நானே இந்தப் பாறையில் மோதி முதல் வகுப்பில் தேறியவள்தானே."

ராஜா தழும்பைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், தன் அல்வா முத்திரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஆற்று மீன்கள் எல்லாம் கரைக்குத் துள்ளிப் போய் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு வந்தன. திருத்தச் சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். இனிமேல் கலாசாலையின் மூன்று சபைகளும் இந்த ஓடத்தில்தான் கூட வேண்டும், சுக்கான், மாற்றம் கேட்கிற ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். செங்கமலத்தம்மாளை ஓடத்துறைக்குத் தலைவி ஆக்கினார். தன் தோளிலிருந்த சிவப்புப் பட்டுச் சால்வையைக் கழற்றினார். அது கொஞ்சம் நனைந்திருந்தது. அதை மருதாசலத்துக்குப் போர்த்தினார்.

உத்தண்டியார் தொண்டையைக் கனைத்தார். "மகாராஜா, அந்தப் பரிசில் ஒரே ஒரு சிறு திருத்தம்..."

"செங்கமலம்," என்றார் ராஜா, "ஓடத்தை இடப்பக்கம் திருப்பு."

"ஒன்றுமில்லை பிரபு! சால்வை அவருக்கு ரொம்பப் பொருத்தம் என்று சொல்ல வந்தேன்!"

மறுநாள் தெப்பத் தேர்வில் மாணவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உலர்ந்த வேட்டியோடு கரையேறித் தேறினார்கள். பட்டம் கொடுக்க யானைப்பாறைமேல் காத்திருந்த தேர்வாளரைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். சாயங்காலம் ராஜாவே ஓடம் அனுப்பி அவரை இறக்கிக்கொண்டு வரச் செய்தார்.