வரும்படிக்குள் வாழ்ந்தவன்

ஆவரங்காட்டுச் சமஸ்தானத்து ராஜா வீரபூபதிக்குத் திடீரென்று சிக்கனம் பிடித்துக்கொண்டது. சிலருக்கு மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடிக்குமே, அந்த மாதிரி. வேறொன்றுமில்லை, மயில்கள் குளிப்பதற்குப் பளிங்கில் தொட்டி கட்டியதில் கஜானா காலியாகிவிட்டது. மயில்கள் அதில் ஒருநாளும் குளிக்கவில்லை என்பது தனிக்கதை.

திவான் ஏகாம்பரம் பத்து நாள் ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்தார்.

"மகாராஜா, அரண்மனையில் வீண் செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்தனையும் ஊழியர்கள் வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது."

பதினான்கு வகைக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜா இதைக் கேட்டு மிகவும் வருந்தினார். அவர் கை கழுவுவதற்குள் ஆணை பிறந்துவிட்டது. மாதம் முப்பது மரக்கால் அரிசியாக இருந்த சம்பளம் இனி பதினைந்து. அதோடு ஒரு வரி: 'ஒவ்வொருவரும் தத்தம் வரும்படிக்குள் வாழ வேண்டும். மீறினால் வேலையும் போகும், அரண்மனை கொடுத்த வீடும் போகும்.'

திவானுக்கு இரக்க குணம் அதிகம். சம்பளத்தைப் பிடுங்கிய கையோடு யோசனைகளை வாரி வழங்கினார். கடுகை எண்ணித் தாளியுங்கள். புளியை ரசத்துக்குக் காட்டிவிட்டு எடுத்து வையுங்கள். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க அரண்மனையில் ஒரு கூட்டம் போட்டார். வந்தவர்களைப் பசியோடு அனுப்பினார். அவருக்கு மட்டும் நடுவில் இரண்டு முறை பாதாம் பால் வந்தது.

ஆஸ்தான விகடகவி தாண்டவராயன் வீட்டில் அவன், மனைவி காந்திமதி, நான்கு பிள்ளைகள். முதலில் நெய் போயிற்று. பிறகு மோர், வெற்றிலை, ராத்திரி விளக்கு. சலவைக்காரர் தானாகவே போய்விட்டார்.

"இன்னும் எதையாவது குறைக்க முடியுமா?" என்றான் தாண்டவராயன்.

"நம்ம ஆறு பேர்ல யாரையாவது குறைச்சாத்தான் உண்டு. நீங்களே சொல்லுங்க, யாரைன்னு" என்றாள் காந்திமதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு நெஞ்சு வலித்தது.

இருபதாம் நாள் பானையில் அரிசி தீர்ந்தது. காந்திமதி பக்கத்து வீட்டில் இரண்டு படி அரிசி கைமாற்றாக வாங்கினாள். அதைத் திவானின் ஆள் பார்த்துவிட்டான். அடுப்படிகளை எட்டிப் பார்க்கவென்றே எட்டுப் பேரைப் புதிதாகச் சம்பளத்துக்கு வைத்திருந்தார் திவான். சிக்கனத்துக்காகத்தான்.

மறுநாளே முத்திரை வைத்த ஓலை வந்தது.

"என்னங்க போட்டிருக்கு?"

"வரும்படிக்கு மேல் வாழ்ந்த குற்றத்தை விசாரிக்க நாளைக் காலை அரண்மனைக்கு வரும்படி..." பாதியில் நிறுத்தினான். மறுபடி வாசித்தான். முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"காந்திமதி, பாத்திரம் பண்டத்தையெல்லாம் மூட்டை கட்டு."

"ஐயோ, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"

"நீ கட்டு, சொல்றேன்."

அன்று சாயங்காலம், அதே ஓலை வந்திருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய்வந்தான்.

மறுநாள் காலை ராஜா கொலு மண்டபத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிம்மாசனத்துக்கு எதிரே மூன்று கல் வைத்து அடுப்பு. தங்கத் தூணில் கட்டிய வெள்ளாடு. ராஜா காலடி வைக்கும் பட்டுத் திண்டில் தாண்டவராயனின் கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. காந்திமதி அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது?" என்று கத்தினார் ராஜா.

"இவன்தான் மகாராஜா! வரும்படிக்குள் வாழத் தெரியாதவன்!" என்றார் திவான்.

தாண்டவராயன் கை கூப்பினான். "தங்கள் ஆணையை மீறுவேனா? வரும்படிக்குள் வாழச் சொன்னீர்கள். முதலில் வந்தது பதினைந்து மரக்கால். அதற்குள் நுழைந்து பார்த்தோம். நானும் இவளும் எப்படியோ ஒடுங்கிவிட்டோம். பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. நல்லவேளை, நேற்று இன்னொரு வரும்படி கொடுத்தீர்கள்."

"நானா? நான் ஒன்றும் கொடுக்கவில்லையே!"

தாண்டவராயன் ஓலையை நீட்டினான். "இதோ, தங்கள் முத்திரையோடு. 'அரண்மனைக்கு வரும்படி.' எத்தனை விசாலமான வரும்படி! இருபது அடுப்பு, நெய்க் கிடங்கு, குளிக்கப் பளிங்குத் தொட்டி. இனி ஆயுள் முழுக்க இதற்குள்ளேயே வாழ்ந்துவிடுகிறோம்."

ராஜாவின் மீசை துடித்தது. கோபத்திலா சிரிப்பிலா என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் வெளியே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"அது யார்?"

"தங்கள் ஊழியர்கள்தான். முப்பத்திரண்டு குடும்பம். அவர்களுக்கும் திவான் இதே வரும்படியைக் கொடுத்திருக்கிறார். தாராள மனசு!"

ராஜாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வாசல் பக்கம் பயத்தோடு ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பழையபடி முப்பது மரக்கால்! இந்த மாதக் குறையையும் இன்றே அளந்து கொடுங்கள். எட்டிப் பார்க்கிற எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்புங்கள். தாண்டவராயா, உனக்குத் தனியாக ஒரு வண்டி அரிசி. தயவுசெய்து அதை உன் வீட்டில் வைத்துச் சமை!"

பிறகு திவானிடம் திரும்பினார். "இனிமேல் ஓலையில் 'வரும்படி' என்ற வார்த்தையே வரக்கூடாது. 'அரண்மனைக்கு வரவும்' என்று எழுதும்."

திவான் எழுத்தாணியை எடுத்தார்.

"வேண்டாம் மகாராஜா!" என்று பதறினான் தாண்டவராயன். "அவர் 'வரவும்' என்று எழுதினால், பக்கத்திலேயே 'செலவும்' என்று எழுதச் சொல்லி ஊரே கேட்கும். அரண்மனைச் செலவை எழுத இந்தச் சமஸ்தானத்தில் ஓலை ஏது?"